முன்வாசலில் டிஸ்மிஸ், பின்வாசலில் டீ

போன மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் என்னை அவிநாசி ரோட்டில் ஒரு புது ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார். அங்கே மெஷின்தான் சாப்பாடு கொண்டுவருகிறது. இடுப்பளவு உயரம், ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டு அடுக்குகள், உச்சியில் டிவி மாதிரி ஒரு முகம். அதற்கு ஒரு பெயர் வைத்து நெஞ்சில் ஒட்டியும் இருக்கிறார்கள். பக்கத்து மேசைக் குழந்தைகள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தன. எங்கள் மேசைக்கும் அது வந்து நின்றது. என் வீட்டுக்காரர் சிங்காநல்லூர்ப் பட்டறையில் ஆயுசெல்லாம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை எடுத்து, "ரொம்பத் தேங்க்ஸுங்க" என்றார்.

மெஷினுக்குப் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். மெஷின் கொண்டுவருமே தவிர சாம்பார் ஊற்றாது, சிந்தினால் துடைக்காது, எச்சில் தட்டை எடுக்காது. அதற்கெல்லாம் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் தண்ணீர் வைத்துவிட்டு நகர்ந்தாள். என் வீட்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் விரலைச் சொடுக்கி, "ஏய், இங்க சாம்பாரு" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "அந்தச் சொடக்கு யாருக்குங்க?" என்று கேட்டேன். "எந்தச் சொடக்கு?" என்றார். நடிக்கவில்லை. தான் சொடுக்கியதே அவருக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதர், என் சம்பளத்தில் பாதிக் குடும்பம் ஓடியதை அறிந்தவர், நான் என்ன வேலை பார்த்தேன் என்பதையே மறந்துவிட்டு உட்கார்ந்து ரோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் தட்டுகளை நான் அடுக்கினேன். மிச்சத்தை ஒரே தட்டில் தள்ளி, பெரிய தட்டு அடியில், ஸ்பூன்கள் ஒரே பக்கம், டம்ளர் தனியாக. அந்தப் பெண் எடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, நீங்களும் இந்த லைனுங்களா?"

"ஆமா கண்ணு. சாம்பார் வாளி தூக்கியே தோள் எறங்கிப்போச்சு."

"எப்படிக்கா இத்தன வருசம் தாங்குனீங்க? இப்பெல்லாம் சத்தம்கூடப் போடறதில்லைங்க. சிரிச்சுக்கிட்டே போயி, போன்ல ஒத்த ஸ்டார் போட்டு, எம்பட பேரையும் எழுதிப்போடறாங்க. சூப்பர்வைசரு அதைப் பிரிண்ட் போட்டுக் கிச்சன் செவுத்துல ஒட்டறாருங்க."

பக்கத்து மேசையில் யாரோ டம்ளரை ஸ்பூனால் தட்டினார்கள். அவள் ஓடிவிட்டாள். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்து எழுதுகிறேன்.

என் பெயர் சாவித்திரி. சிங்காநல்லூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு சைவ ஹோட்டலில் காய் நறுக்கச் சேர்ந்தேன். அப்புறம் மாடியில் ஃபேமிலி ஹால் திறந்தபோது, பெண் சப்ளையர்கள் இருந்தால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வசதி என்று என்னையும் இன்னும் சில பெண்களையும் மேலே அனுப்பினார்கள். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள மெரூன் நிறத்தில் ஒரு கோட்டுக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்தக் கோட்டுத்தான்.

எங்கள் மேனேஜர் இப்ராகிம் பாய். கோட்டைமேட்டுக்காரர். சைவ ஹோட்டலுக்கு பாய் மேனேஜரா என்று கேட்பவர்களிடம், "கல்லாவுக்கு ஏதுங்க சைவம் அசைவம்" என்று சொல்லிச் சிரிப்பார். முதலாளிக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. குரலும் கலையாது. சப்ளையர் யாராக இருந்தாலும் அவருக்கு 'ங்க'தான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அவர்.

அவர் சொல்லிக்கொடுத்த முறையில் ஒரு அடி பிசகக் கூடாது. டம்ளரை அடிப்பக்கம் பிடித்து வைக்க வேண்டும், விளிம்பில் விரல் பட்டால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு டம்ளர் எடுக்க வேண்டும். ஆள் உட்கார்ந்த உடனே போய் நின்று 'என்ன வேணும்' என்று நெருக்கக் கூடாது. பையை வைத்து, முகம் துடைத்து, வீட்டுச் சண்டை ஏதாவது பாக்கியிருந்தால் அதையும் முடிக்கட்டும். கண் நம்மைத் தேடும்போது நாம் அந்தக் கண்ணுக்கு எதிரே நிற்க வேண்டும். ஆர்டரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சட்னி கேட்கும் முன்பே போக வேண்டும். குழந்தை இருக்கிற மேசையில் சூடான கிண்ணத்தைக் குழந்தைக்கு எட்டாத பக்கம் வைக்க வேண்டும். கேட்காமல் பில் வைக்கவே கூடாது. வைத்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி. "அவங்க நம்ம ஊட்டுக்கு வந்த ஒறம்பரைங்க சாவித்திரிம்மா" என்பார் பாய். ஒறம்பரை என்றால் விருந்தாளி.

விருந்தாளிகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டுமே. எங்கள் கோயமுத்தூர்க்காரர்களை வெளியூர்க்காரர்கள் கேலி பண்ணுவார்கள், நாயைத் துரத்தினாலும் 'அக்கட்டப் போங்க' என்றுதான் துரத்துவீர்கள் என்று. உண்மைதான். பஸ் கண்டக்டருக்கு ங்க, காய்காரிக்கு ங்க, பெற்ற பிள்ளைக்கே 'வாங்க தங்கம்'. இதே வாய்தான் ஹோட்டல் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாறிவிடும். விரல் சொடுக்குவார்கள். 'ச்சூ' என்பார்கள், நாயைக் கூப்பிடுகிற மாதிரி. டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார்கள். போனில் பேசிக்கொண்டே கையை மட்டும் ஆட்டுவார்கள், அது 'வா' என்பதா 'போ' என்பதா நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகள் 'ஏய்' என்பார்கள். அவர்களின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெனு கார்டைப் படித்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மாவைக் கேட்க வேண்டும் போல இருக்கும், இந்தப் பிள்ளை உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறான் என்று. கேட்க முடியாது. "என்னங்க வேணும்?" என்றுதான் கேட்க முடியும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ஹோட்டலில் இன்னொரு முறை இருந்தது. இந்தத் தொழிலில் இருந்தவர்களைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது. நாங்கள் அதை 'டிராமா' என்போம்.

யாராவது வாடிக்கையாளர் பெரிய கோபத்தில் கத்த ஆரம்பித்தால் பாய் விறுவிறுவென்று வருவார். தப்பு யார் பக்கம் என்று கேட்கவே மாட்டார். அந்த ஒரு வேளைக்கு மட்டும் அவர் குரல் மாறும். "இன்னியோட உன்ற வேலை முடிஞ்சுது. கோட்டைக் கழட்டு. வெளியே போ." சப்ளையர் தலையைக் குனிந்துகொண்டு கோட்டைக் கழற்றிக் கல்லா மேசைமேல் வைத்துவிட்டு, ஹால் முழுக்கப் பார்க்க முன்வாசல் வழியாக இறங்கிப் போக வேண்டும். போய், ஜெராக்ஸ் கடை ஓரத்துச் சந்தில் திரும்பி, சமையல்கட்டின் பின்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். அங்கே பாய் டீயோடு நிற்பார். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற டபரா டம்ளரில், அவரே ஆற்றிக் கொண்டுவந்திருப்பார். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொல்லி, "மன்னிச்சுக்குங்க சாவித்திரிம்மா. மனசுல வெச்சுக்காதீங்க" என்பார். கத்தின ஆள் சாப்பிட்டு எழுந்து போகிறவரை பார்சல் கட்டும் இடத்தில் வேலை. அப்புறம் பழையபடி கோட்டுப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு.

முதல் தடவை எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. பின்கட்டில் எல்லாரும் கேலி பண்ணினோம், யார் நன்றாகத் தலை குனிந்தது, யாருக்குக் கண்ணீர் வந்தது என்று. வேறு ஹோட்டல்களில் நிஜமாகவே அனுப்பிவிடுகிறார்கள், நம் பாய் நல்லவர் என்று பேசிக்கொள்வோம். நல்லவர்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். டிஸ்மிஸ் ஆன அதே ஆள் அடுத்த வாரமும் அதே ஹாலில்தான் பரிமாறுகிறாள். அதே வாடிக்கையாளரும் வருகிறார். மாட்டிக்கொள்ள மாட்டோமா? இதை நான் பாயிடமே கேட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "மாட்ட மாட்டீங்க. கோட்டைத்தானுங்க அவங்க பாக்கறாங்க. முகத்தை யாரு பாக்கறா?"

அவர் சொன்னது சரி. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் மாட்டிக்கொள்ளவில்லை. அதற்கும் மேல், 'நான் அனுப்பச் சொன்ன ஆளை, ஐயோ பாவம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே ஒரு வாடிக்கையாளர்கூட வந்து சொன்னது கிடையாது. ஒரு வாய் வார்த்தையில் ஒரு பெண் பிழைப்பைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டுதான் அத்தனை பேரும் பீடா போட்டுக்கொண்டு போனார்கள். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைக்க வைத்தது என் மகள்.

என் மகள் கவிதா லேப் டெக்னீசியன் படிப்பு முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட வேலை செய்கிற இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஹோட்டலுக்கு வருவதாகச் சொன்னாள். "எங்கம்மா பரிமாறுனா எப்படி இருக்கும்னு இவங்க பாக்கோணும்" என்றாள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. கோட்டை முதல் நாளே துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். ஜன்னலோர மேசையை அவர்களுக்கு ஒதுக்கினேன். பாயிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் பில் வாங்க மாட்டார், கவிதாவுக்கு அது பிடிக்காது.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் வைத்தேன். "என்னங்க சாப்பிடறீங்க?" என்று மகளையே கேட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள். "உங்க ஹோட்டல்ல எது நல்லா இருக்குமுங்க?" என்று அவளும் கேட்டாள். அந்தச் சிரிப்போடு அன்றைய நாள் முடிந்திருக்கலாம்.

அடுத்த மேசைக்கு நூல் வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ஈரோட்டுக்காரர், இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தவர். ஞாயிறு தவறினாலும் அவர் தவற மாட்டார். வாசலில் வாட்ச்மேனிடம், "ஏனுங்க, வண்டிய இங்கயே உடலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காரை நிறுத்துவார். மாடிப்படி ஏறும்போது எதிரே இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழி விடுவார். உட்கார்ந்தபின் விரல்தான் பேசும்.

நான் அவர்களைத் தாண்டி இருந்த மேசையில் ஒரு சின்னக் குழந்தையின் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாம்பார் அப்போதுதான் இறக்கியது, ஆவி பறந்தது. குழந்தை கையைக் கையை நீட்டியது. ஒரு கையால் குழந்தையின் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கரண்டியைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் சொடக்கு. இன்னொரு சொடக்கு. அப்புறம் "ஏய்".

திரும்பாமலே சொன்னேன்: "இதா வாரேனுங்க. கொழந்தைக்கு ஊத்திப்போட்டு வாரேன்."

அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. "என்னையக் காத்திருக்கச் சொல்றியா நீயி? யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா? எச்சத் தட்டு எடுக்கறவளுக்கு வாயப் பாரு." அவர் மனைவி தன் வளையலைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தார். அவர் நிறுத்தவில்லை. "இந்தக் கழுதைகளையெல்லாம் மேல ஏத்தி உட்டா இப்பிடித்தான். எங்க உங்க மேனேஜரு?"

ஜன்னலோரத்தில் என் மகள் எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

பாய் வந்தார். அவருக்கு அது என் மகள் என்று தெரியாது. வழக்கம்போலவே ஆரம்பித்தார். "எத்தனை தடவ சொல்லியிருக்கேன் உனக்கு? இன்னியோட முடிஞ்சுது. கோட்டைக் கழட்டு."

நான் கவிதாவைப் பார்த்தேன். உட்காரு, இது நிஜமில்லை என்று கண்ணால் சொன்னேன். கண்ணால் அதையெல்லாம் சொல்ல முடியுமா? அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கூட வந்த பெண்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ தடவை சாதாரணமாகக் கழற்றிய கோட்டின் பொத்தான் அன்றைக்கு வர மறுத்தது. இழுத்ததில் ஒன்று அறுந்து தரையில் உருண்டது. கழற்றி வைத்துவிட்டு முன்வாசல் வழியாக இறங்கினேன். என் பின்னால் நூல்காரர் சொன்னது கேட்டது: "இப்பக் கொண்டாங்க ரோஸ்ட்டு."

சந்தில் திரும்பும்போது கவிதா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்தாள். "வா ஊட்டுக்குப் போலாம். எனக்குச் சம்பளம் வருதில்ல. வாம்மா." நான், "பேசாம வா கண்ணு, வா" என்று அவளை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அங்கே பாய் டீயோடு நின்றார். முகத்தில் பழைய சிரிப்பு. "வாங்க சாவித்திரிம்மா, உக்காருங்க. நல்லாப் பண்ணுனீங்க" என்றார். அப்புறம்தான் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"எம்பட மகளுங்க" என்றேன்.

பாய் டீயை நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கவிதா டம்ளரைப் பார்த்தாள், எண்ணெய் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி, யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இது எப்பவும் நடக்கறதுங்களா?" என்று கேட்டாள்.

"சும்மாம்மா. அவரு சமாதானத்துக்கு. உங்கம்மா வேலை எங்கயும் போகாதும்மா."

"அது அவருக்குத் தெரியுமுங்களா?"

"அவருகிட்ட எப்பிடிம்மா சொல்றது?"

"அப்ப எங்கம்மா பொழப்பப் புடுங்கிப்போட்டோம்னு நெனச்சுக்கிட்டுத்தான அந்தாளு மேல உக்காந்து ரோஸ்ட்டு திங்கறாரு? நல்லா எறங்குதுங்களா அவருக்கு?" பாய் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். "நீங்க கத்துனதைக்கூடத் தாங்கிக்குவேனுங்க. 'நல்லாப் பண்ணுனீங்க'ன்னு சொன்னீங்க பாருங்க."

பாய் கையிலேயே டீ ஆறிப்போனது. கவிதா அன்றைக்கு என்னிடமும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் மட்டும், "நீ அங்க போகாதம்மா" என்றாள். நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்? என் வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியுமா ஒருத்தனால்? குழந்தை கையில் சூடு படாமல் ஊற்றினேன், அதற்கு நான் வேலையை விட வேண்டுமா? எனக்கு எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. நூல்காரர் மேல், பாய் மேல், அந்த டீ மேல்.

போன உடனே பாயிடம் சொல்லிவிட்டேன். "இனி நான் டிராமாவுக்கு வர மாட்டேனுங்க பாய். தப்புச் செஞ்சா நிசமாவே அனுப்புங்க. தப்புச் செய்யலைன்னா அனுப்பாதீங்க."

"அப்ப நான் என்னதானுங்க பண்றது? வந்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்களே."

"என்ன நடந்துச்சுன்னு என்னையக் கேளுங்க. அந்த மேசையில வெச்சே கேளுங்க. எப்பவும் எப்பிடிக் கேப்பீங்களோ அப்பிடிக் கேளுங்க."

அவர் கல்லாவில் இருந்த என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். அறுந்த பொத்தானை யாரோ தேடி எடுத்துத் தைத்து வைத்திருந்தார்கள். பாய் வீட்டில் தைத்தது என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நூல்காரர் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்தார். குடும்பத்தோடு, கூட யாரோ சம்பந்தி வீட்டுக்காரர். நேராக என் மேசையில் வந்து உட்கார்ந்தார். கூட இருந்த சப்ளையர் பெண்கள், "நீ உள்ள போயிரு அக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். நான் போகவில்லை. டம்ளர்களை அடிப்பக்கம் பிடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். 'இவள் இன்னும் இருக்கிறாளா' என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று வாய்க்குள் தயார் செய்துகொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நேருக்கு நேராகப் பார்த்தார். "நெய் ரோஸ்ட்டு ரெண்டு, பசங்களுக்கு இட்லி" என்றார். திரும்பிக்கொண்டார்.

கோட்டைத்தான் பார்த்திருக்கிறார்.

நான் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியிடம் சொல்ல ஆரம்பித்தார். "சர்வீஸு முன்ன மாதிரி இல்லீங்க. போன தடவ ஒருத்தி என்னையவே காத்திருங்கன்னு சொல்லிப்போட்டா. உடுவனா? ஒத்த வார்த்தை. கோட்டைக் கழட்ட வெச்சு அப்பவே ஊட்டுக்குத் தாட்டி உட்டுட்டேன்." சம்பந்தி சிரித்தார். நூல்காரரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி டம்ளரையும் வைத்துவிட்டுச் சொன்னேன். "அது நான்தானுங்க."

அவருக்குப் புரியவில்லை. "என்னது?"

"நீங்க ஊட்டுக்குத் தாட்டி உட்டது என்னையத்தானுங்க. அன்னைக்குக் கொழந்தைக்குச் சாம்பாரு ஊத்திக்கிட்டு இருந்தேன். நெய் ரோஸ்ட்டு ரெண்டு, இட்லி. வேற என்னங்க கொண்டார?"

குரலை உயர்த்தவில்லை. அவர் முகம் சிவந்து, எழுந்து, கத்தினார். என்ன கத்தினார் என்பது இங்கே தேவையில்லை, பழைய சரக்குதான். பாய் வந்தார். ஹாலில் இருந்த எல்லாச் சப்ளையரும் கையில் எடுத்த வாளியோடு அப்படியே நின்றார்கள். என் கை தானாகக் கோட்டின் மேல் பொத்தானுக்குப் போய்விட்டது. இந்தத் தடவை கழற்றினால் பின்வாசல் கிடையாது என்பது எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும்.

பாய் நூல்காரரைத் தாண்டி என் பக்கம் திரும்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலில் கேட்டார். "சாவித்திரிம்மா, என்னங்க நடந்துச்சு?"

நான் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாய் கேட்டு முடித்துவிட்டு நூல்காரரிடம், "அவங்க மேல தப்பு இல்லீங்க. உக்காந்து சாப்பிடுங்க. அவங்களே கொண்டு வருவாங்க" என்றார்.

நூல்காரர் சாப்பிடவில்லை. சம்பந்தியை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் மனைவி கடைசியாக எழுந்து, என் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. மறுநாள் முதலாளி வந்து கல்லா பக்கத்தில், நாங்கள் அத்தனை பேரும் பார்க்க, பாயைக் கிழித்தெடுத்தார். அது டிராமா இல்லை, நிஜம். அத்தனை வருஷச் சிநேகிதனை 'யோவ்' என்றார். பாய் தலை குனியவில்லை. முதலாளி போன பிறகு நான் ஒரு டீ ஆற்றிக் கொண்டுபோய்ப் பின்கட்டில் எண்ணெய் டின்னில் உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்தேன். "மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அதன் மேலேயே வெறுப்பு. மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அப்படித்தான் நினைக்கிறேன்.

அதோடு ஊர் திருந்திவிட்டது என்றெல்லாம் இல்லை. நான் ஓய்வு பெறுகிற நாள்வரை சொடுக்கினார்கள். டிராமா மட்டும் நின்றது, அதுவும் ஒரே நாளில் இல்லை. ஒவ்வொருத்தியாக முடியாது என்று சொன்ன பிறகுதான் நின்றது.

இப்போது அந்த மெஷின் ஹோட்டல் கதைக்குத் திரும்பி வருகிறேன். அந்தப் பெண் ஓடியபின், வீட்டுக்காரர் கையை ஆட்டி பில் கேட்டார். சற்று நேரத்தில் அவளே பில்லைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நின்றாள். இவர் அவள் முகத்தையே பார்த்து, "ஏம்மா, சாம்பாரு ஊத்துச்சே ஒரு பொண்ணு, அது எங்க போச்சு? பில்லு கேட்டு எத்தனை நேரமாச்சு?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. "இதாங்க பில்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அந்தப் புள்ள முகம் எப்பிடி இருந்துச்சு? சொல்லுங்க பாக்கலாம்."

"எந்தப் புள்ள?"

"நமக்குத் தண்ணி வெச்சு, சாம்பாரு ஊத்தி, பில்லு கொண்டாந்த புள்ள. கறுப்பா செவப்பா? மூக்குத்தி இருந்துச்சா? கண்ணாடி போட்டிருந்துச்சா?"

நெடுநேரம் யோசித்தார். ஹோப் காலேஜ் தாண்டியும் யோசித்தார். வரவில்லை.

"சரி, அந்த மெஷினு?"

உடனே சொன்னார். பெயரைச் சொன்னார். "வெள்ளைக் கலரு, கழுத்துல பச்சப் பட்டை. கண்ணு ரெண்டும் நீலம்" என்றார். "சிமிட்டுச்சே, நீ பாக்கலையா?"

நான் அவரிடம் பேசுவதை அத்தோடு நிறுத்தினேன். இறங்கும்போது கண்டக்டரிடம், "எறங்கிக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.